பாலாடையா, கிண்ணமா, புட்டியா: மார்பில் குடிக்க இன்னும் பழகாத குழந்தைக்கு எதில் பால் கொடுப்பது?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை என்ஐசியுவிலிருந்து (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் ஆளுக்கொரு யோசனை இருக்கும். வார்டு செவிலியர், பால் புகட்டும் மூக்கு நீண்ட சின்னப் பாத்திரமான எவர்சில்வர் பாலாடையைக் கையில் கொடுத்து, "இதுலயே குடுங்க, புட்டி வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். பாட்டி அலமாரியிலிருந்து வெள்ளிச் சங்கை எடுத்துத் தேய்த்து வைத்திருப்பார். மருந்துக்கடைக்குப் போன மாமா இரண்டு பால்புட்டியோடு வந்து நிற்பார். பீய்ச்சிய பால் டம்ளரில் காத்திருக்கும், குழந்தை அழும், அந்த நேரத்தில்தான் இந்த விவாதம் நடக்கும். அதற்கு முன்பே முடிவு செய்துவைப்பது நல்லது.

ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பால் என்பது ஒரு கேள்வி, எதில் கொடுப்பது என்பது வேறு கேள்வி. தாய்ப்பாலைப் புட்டியிலும் கொடுக்கிறார்கள், பவுடர் பாலைப் பாலாடையிலும் கொடுக்கலாம். இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது. முதல் கேள்விக்கான விடை தாயின் பால்தான். அது போதாத சின்னக் குழந்தைக்கு, தாய்ப்பால் வங்கி உள்ள மருத்துவமனையில் பதப்படுத்திய தானப் பால் கிடைக்குமா என்று கேட்கலாம்.

## எடையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

மார்பில் குடிக்கும் குழந்தை மூன்று வேலை செய்கிறது: உறிஞ்சுகிறது, விழுங்குகிறது, நடுவில் மூச்சு விடுகிறது. இந்த மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் நடப்பதற்கான முதிர்ச்சி கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரத்தில் வருகிறது. அதனால் வாரக் கணக்கு இப்படிப் போகும்:

- 28 வாரத்துக்கு முன்: பெரும்பாலும் ஊசி வழித் திரவம், கூடவே வயிற்றுக்குள் போகும் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால்.
- 28 முதல் 31 வரை: சப்பத் தெரியும், ஆனால் மூச்சோடு இசையாது. குழாய்தான்.
- 32 முதல் 34 வரை: வாயில் சிறுகச் சிறுக விட்டால் விழுங்கும். பாலாடை, கிண்ணம், ஸ்பூன் இங்கேதான் வருகின்றன.
- 34க்குப் பின்: மார்பில் முயலலாம். பெரும்பாலான குழந்தைகள் பழகிக்கொள்ளும்.

இந்த வாரத்தைப் பிறந்த அன்றோடு நிறுத்திவிடக் கூடாது. 31 வாரத்தில் பிறந்து இரண்டு வாரம் ஆன குழந்தைக்கு இப்போது 33 வாரம். 38 வாரத்தில் 1.9 கிலோவாகப் பிறந்த குழந்தை மார்பிலேயே நன்றாகக் குடிக்கலாம். 33 வாரத்தில் 2.1 கிலோவாகப் பிறந்த குழந்தையால் முடியாமல் போகலாம். "ரெண்டு கிலோ ஆயிடுச்சே, இன்னும் எதுக்குப் பாலாடை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நிறைமாதக் குழந்தைக்கும் சில நாள் இந்த உதவி தேவைப்படலாம். மஞ்சள் காமாலையில் தூங்கித் தூங்கி விழும் குழந்தை, தாய் ஐசியுவில் இருக்கும் குழந்தை, காம்பு உள்வாங்கியிருப்பதால் கவ்வ முடியாத குழந்தை எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஓட்டம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதல் அளவுகோல். பால் வாய்க்குள் போகும் வேகத்தைக் குழந்தை தீர்மானிக்கிறதா, கொடுப்பவர் தீர்மானிக்கிறாரா, பாத்திரமே தீர்மானிக்கிறதா? புரை ஏறுவது இதைப் பொறுத்தது.

அடுத்தது சிந்தல். 20 மி.லி. கொடுத்து அதில் 6 மி.லி. துண்டில் போனால் குழந்தைக்குக் கிடைத்தது 14 தான். பெரிய குழந்தைக்கு இது பொருட்டல்ல, 1.6 கிலோ குழந்தைக்கு எடை ஏறாமல் போக இதுவே போதும்.

மூன்றாவது நேரம். ஒரு வேளைப் பால் 20 முதல் 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் குழந்தை களைத்துப்போகும், குடித்த பாலின் சக்தியைக் குடிக்கும் உழைப்பிலேயே செலவழிக்கும். இன்னும் இரண்டு உண்டு: கழுவுவது எவ்வளவு கஷ்டம், மார்புக்குத் திரும்பும் வழி திறந்திருக்கிறதா.

## எவ்வளவு பால்?

பாத்திரத்தைத் தேர்வு செய்ய அளவு தெரிந்திருக்க வேண்டும். 1.5 கிலோவுக்கு மேற்பட்ட, வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்குப் பொதுவான கணக்கு: முதல் நாள் கிலோவுக்கு 60 மி.லி., பிறகு நாளுக்கு 20 மி.லி. கூட்டி, 160 வரை. 1.8 கிலோ குழந்தைக்கு முதல் நாள் 108 மி.லி.; இரண்டு மணிக்கொரு முறை என்றால் 12 வேளை, வேளைக்கு 9 மி.லி. ஆறாம் நாள் 288 மி.லி., வேளைக்கு 24. உங்கள் குழந்தைக்கான எண்ணை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "தேவைக்கேற்ப" என்று மட்டும் எழுதியிருந்தால் திரும்பிப் போய்க் கேளுங்கள். குறைமாதக் குழந்தை பசித்தாலும் அழாமல் தூங்கிவிடும், தேவையை அது சொல்லாது.

## குழாய்

மருத்துவமனையில் செவிலியர் செய்யும் வேலை என்பதால் இது வீட்டுத் தேர்வே அல்ல, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தை மூக்கு வழியாக மூச்சு விடுவதால் சின்னக் குழந்தைக்குக் குழாயை வாய் வழியாகப் போடுவது வழக்கம். பிஸ்டன் கழற்றிய சிரிஞ்சைக் குழந்தைக்கு மேலே 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் பிடித்தால் பால் தன் எடையில் இறங்கும். பிஸ்டனை வைத்துத் தள்ளினால் வயிறு உப்பும், எதுக்களிக்கும். குழாயில் பால் இறங்கும்போது பீய்ச்சிக் காலியான மார்பில் குழந்தையை வைத்துச் சப்பவிடச் சொன்னால் மறுக்காதீர்கள். வயிறு நிறைவதையும் சப்புவதையும் குழந்தை அப்போதுதான் சேர்த்துக் கற்கிறது.

குழந்தை உதட்டை நக்குகிறது, நாக்கை நீட்டுகிறது, எச்சிலை விழுங்குகிறது என்றால் பாலாடைக்கு நேரம் வந்துவிட்டது. நாளுக்கு ஒன்றிரண்டு வேளை பாலாடை, மீதி குழாய் என்றுதான் மாற்றுவார்கள்.

## ஸ்பூன்

முதல் இரண்டு நாள் சீம்பாலுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. சீம்பால் ஒரு தடவைக்குச் சில மி.லி.தான் வரும், பிசுபிசுப்பானது. பம்ப் வைத்தால் அதன் குழாயிலும் பாட்டிலிலும் ஒட்டிக்கொண்டே பாதி போய்விடும். கையால் நேரே ஸ்பூனிலோ பாலாடையிலோ பீய்ச்சி அப்படியே கொடுத்தால் ஒரு துளி வீணாகாது. வேளைக்கு 10 மி.லி. தாண்டியதும் ஸ்பூன் சரிப்படாது. கை வலிக்கும், நேரம் இழுக்கும், ஒவ்வொரு முறை மொள்ளும்போதும் கொஞ்சம் சிந்தும்.

## பாலாடை

பாலின் மேல் படியும் ஏட்டுக்கும் இதே பெயர்தான்; நாம் பேசுவது மூக்கு நீண்ட சின்னப் பாத்திரத்தை. ஒரு தடவைக்கு 5 முதல் 10 மி.லி. பிடிக்கும். பாட்டி காலத்துச் சாமான் இன்று நாட்டின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் புழங்குவதற்குக் காரணம், ஓட்டத்தைக் கொடுப்பவர் துளித்துளியாகக் கட்டுப்படுத்த முடிவதுதான். அதுவே இதன் ஆபத்தும். கை அவசரப்பட்டால் குழந்தையால் தடுக்க முடியாது.

கொடுக்கும் முறை:

1. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை விழித்திருக்க வேண்டும். தூங்கும் குழந்தையின் வாயில் ஒரு துளியும் விடக் கூடாது.
2. கைகள் உள்ளே இருக்கும்படி துணியில் சுற்றி, தலையையும் கழுத்தையும் ஒரு கையால் தாங்கி, பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் வையுங்கள். தாடைக்குக் கீழே மடித்த துணி.
3. அளவு குறித்த கோப்பையில் பாலை அளந்துவிட்டுப் பாலாடைக்கு மாற்றுங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை போதும்.
4. பாலாடையின் மூக்கைக் குழந்தையின் உதட்டின் ஓரத்தில், வாய்க்கோணத்தில் வையுங்கள். நாக்கின் நடுவிலோ தொண்டையை நோக்கியோ அல்ல.
5. மெல்லச் சாய்த்து ஒரு சின்ன மடக்கு விடுங்கள். தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது.
6. வாயை மூடிக்கொண்டால், கை தளர்ந்தால், கண் சொக்கினால் நிறுத்துங்கள். காலைச் சுண்டி எழுப்பிப் பாலைத் திணிக்கும் பழக்கம் வேண்டாம். உள்ளங்காலை லேசாகத் தடவிப் பாருங்கள், எழாவிட்டால் அந்த வேளை முடிந்தது.
7. தோளில் சாய்த்து ஏப்பம் விடவையுங்கள். குடித்தது எவ்வளவு, சிந்தியது எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள்.

தவறு பெரும்பாலும் ஐந்தாம் படியில் நடக்கிறது. குழந்தை வாயில் பாலை வைத்துக்கொண்டே இருக்கும், கொடுப்பவர் விழுங்கிவிட்டது என்று நினைத்து அடுத்த மடக்கை விடுவார். இரண்டு மடக்கும் சேர்ந்து புரை ஏறும். புரை ஏறினால் உடனே பாலாடையை எடுத்துவிட்டு, குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்து வாயிலிருக்கும் பாலை வெளியேற விடுங்கள். உதடு நீலமானாலோ மூச்சு திணறினாலோ காத்திருக்காமல் 108.

சங்கும் இதுவும் ஒன்றா? வடிவம் நெருக்கம், வேலை ஒன்றல்ல. வாய் அகலமான சங்கில் பால் திடீரென்று மொத்தமாக இறங்கும். சித்திர வேலைப்பாடுள்ள வெள்ளிச் சங்கின் இடுக்குகளில் பால் படிந்து காயும், கொதிக்கவைத்தாலும் முழுதாக நீங்காது. உள்பக்கம் வழவழப்பான, இணைப்பு இல்லாத எவர்சில்வரே நல்லது. அழும் குழந்தையை மல்லாத்தி, மூக்கைப் பிடித்துச் சங்கில் விளக்கெண்ணெயோ உரைமருந்தோ ஊற்றும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வரும் நிமோனியா எளிதில் ஆறாது. அந்தச் சங்கைப் பூஜை அறையில் வைத்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு: ஆள் நேரம். நாளுக்கு 8 முறை பால் எடுக்க 25 நிமிடம் வீதம், 12 முறை கொடுக்க 25 நிமிடம் வீதம் என்று போட்டுப் பாருங்கள்: 8 மணி நேரத்துக்கு மேல், கழுவுவதைச் சேர்க்காமலே. தாய் ஒருவரே இரண்டையும் செய்தால் ஒரு வாரத்தில் சோர்ந்துவிடுவார், பால் குறையும், "பால் பத்தலை" என்று புட்டி வரும். தாய் பால் எடுக்கட்டும், கொடுப்பதை அப்பாவோ பாட்டியோ வார்டிலேயே செவிலியர் முன்னால் பழகிக்கொள்ளட்டும்.

## கிண்ணம்

பாலாடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு செயலில் இருக்கிறது: கிண்ணத்தில் ஊற்றக் கூடாது. விளிம்பைக் கீழுதட்டில் படியவைத்து, பால் உதட்டைத் தொடும் வரை மட்டும் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். குறைமாதக் குழந்தை பூனைக்குட்டி மாதிரி நாக்கால் நக்கி எடுக்கும்; பெரிய குழந்தை உறிஞ்சிக் குடிக்கும். வேகத்தைக் குழந்தையே தீர்மானிப்பதால், சரியாகச் செய்தால் இதுதான் பாதுகாப்பு.

சரியாகச் செய்வதுதான் கடினம். பொறுமை இல்லாமல் ஊற்றத் தொடங்கினால் கிண்ணம் பாலாடையைவிட மோசம், ஏனென்றால் அகல விளிம்பில் அளவு தெரியாது. நக்கும் குழந்தையிடம் சிந்தலும் அதிகம். சிந்தலை ஊகிக்க வேண்டாம்: தாடைத் துணியைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் டிஜிட்டல் தராசில் வைத்தால், ஒரு கிராம் வித்தியாசத்தை ஏறக்குறைய ஒரு மி.லி. என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிண்ணம் முந்துவது எங்கே என்றால், வேளைக்கு 30 மி.லி. தாண்டிய குழந்தையிடம். பாலாடையில் நான்கைந்து தடவை நிரப்ப வேண்டியதை இதில் ஒரே முறை நிரப்பினால் போதும். தாய் வேலைக்குத் திரும்பிய பின் எடுத்துவைத்த பாலைக் கொடுக்கவும் இதுவே வசதி. வீட்டில் இருக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளர், விளிம்பு மழுங்கலாக இருந்தால் போதும்; தனியாக வாங்க வேண்டாம்.

## புட்டி

புட்டியின் கவர்ச்சி வெளிப்படையானது. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், சிந்தாது, அளவு கோடு இருக்கிறது, சீக்கிரம் முடியும். மறைமுகச் செலவுகள்தான் நீளம்.

புட்டியைக் கவிழ்த்தால் குழந்தை சப்பாவிட்டாலும் பல நிப்பிள்களில் பால் சொட்டும். 33 வாரக் குழந்தைக்கு அதை நிறுத்தத் தெரியாது. விழுங்கிக்கொண்டே மூச்சை அடக்கும், நிறம் மாறும். மார்பில் முதலில் சப்பி, பால் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமலே பால் வரும் இடம் ஒன்று இருக்கிறது என்று கற்றுக்கொண்ட குழந்தை மார்பில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அழும். தாய்க்கு அது "பால் இல்லை" என்று கேட்கும்.

அடுத்தது கழுவல். பாலாடையைக் கழுவினால் சுத்தமானதைக் கண்ணால் பார்க்கலாம். புட்டியில் கழுத்து, மூடியின் மறை, நிப்பிளின் உள்முனை ஆகிய மூன்று இடத்தில் பால் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்றி, முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு சோப்பும் பிரஷ்ஷும் போட்டு, கொதிநீரில் முழுதாக மூழ்கவைத்து 10 நிமிடம் விட வேண்டும். நாளுக்கு 8 வேளை என்றால் குறைந்தது ஐந்தாறு புட்டியாவது வேண்டும், இல்லாவிட்டால் அவசரத்தில் வெறும் வெந்நீரில் அலசிக் கொடுப்பதில்தான் முடியும். வயிற்றுப்போக்கு அந்த வழியாகத்தான் வருகிறது.

பவுடர் பாலும் சேர்ந்தால் இன்னொரு கவனம். டப்பாவுக்குள் இருக்கும் பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்டதல்ல. கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுமுன் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். டப்பாவை இரண்டு நாள் அதிகம் ஓட்டுவதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் குழந்தை வயிறு நிறையக் குடித்தும் மெலியும். இந்தியாவில் பால்புட்டியையும் குழந்தைப் பால் பவுடரையும் விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மருத்துவமனை வளாகத்தில் இலவச மாதிரி நீட்டினால் அது சலுகை அல்ல, விதிமீறல்.

புட்டியே சரியான இடங்களும் உண்டு. அண்ணப் பிளவு (வாயின் மேற்பகுதி பிளந்திருப்பது) உள்ள குழந்தையால் உறிஞ்ச முடியாது. அழுத்தினால் பால் வரும் தனி வகைப் புட்டி அதற்கு உண்டு, அறுவை சிகிச்சைக் குழு சொல்லித்தரும். தாய் இல்லாத, அல்லது எந்த நிலையிலும் மார்பில் கொடுக்க முடியாத நிறைமாதக் குழந்தையை ஒரே ஆள் மாதக்கணக்கில் வளர்க்கும்போது புட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அங்கே கழுவும் ஒழுங்கும், படுக்கவைத்துத் தலையணையில் முட்டுக்கொடுத்துக் குடிக்கவிடாமல் இருப்பதும்தான் முக்கியம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஸ்பூன் | பாலாடை | கிண்ணம் | புட்டி |
|---|---|---|---|---|
| ஓட்டம் யார் கையில் | கொடுப்பவர் | கொடுப்பவர் | குழந்தை | பெரும்பாலும் நிப்பிள் |
| வேளைக்குச் சௌகரியமான அளவு | 10 மி.லி. வரை | 5–30 மி.லி. | 30 மி.லி. முதல் | எதுவும் |
| சிந்தல் | நடுத்தரம் | பழகிய கையில் குறைவு | அதிகம் | குறைவு |
| கழுவல் | எளிது | எளிது | மிக எளிது | கடினம் |
| மார்புக்குத் திரும்புதல் | தடையில்லை | தடையில்லை | தடையில்லை | தடை வரலாம் |
| முக்கிய ஆபத்து | நேரம் இழுத்தல் | அவசரக் கை | ஊற்றிவிடுவது | தொற்று, வேகம் |

32 முதல் 35 வாரத்துக்குள் இருக்கும் குழந்தை, வீட்டில் பழகிய ஒரு கை என்றால் பாலாடை. அதைத் தாண்டியும் மார்பில் முழுதாகக் குடிக்கவில்லை, வேளை அளவு கூடிவிட்டது என்றால் கிண்ணம். கவ்வல் பிரச்சினை மட்டும் உள்ள நிறைமாதக் குழந்தைக்கு எதுவானாலும் சில நாள்தான். அந்த நாட்களில் கவ்வலைச் சரிசெய்யச் செவிலியரிடம் போவது பாத்திரம் வாங்குவதைவிட அவசரம்.

## எடுத்த பாலை வைத்திருப்பது

நம் ஊர் வெயிலில் வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஃபிரிட்ஜின் உள்தட்டில், கதவில் அல்ல, 24 மணி நேரம். கொதிக்கவைக்கவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது. வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பால் டம்ளரை வைத்துச் சூடேற்றுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த பாலில் கொழுப்பு மேலே ஒதுங்கி ஓரத்தில் ஒட்டும், எடைக்குத் தேவையானதே அதுதான். மெல்லச் சுழற்றிக் கலந்த பிறகே அளக்கவும். குழந்தை குடித்து மீந்ததைத் திரும்ப ஊற்றிவைக்க வேண்டாம்.

## உடனே போக வேண்டிய நேரம்

தொடர்ந்து இரண்டு வேளை குடிக்க மறுப்பது, பச்சை நிற வாந்தி, வயிறு உப்பி இறுகுவது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது மார்பு உள்வாங்குவது, உடல் சில்லிட்டுப்போவது (36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழ்) அல்லது காய்ச்சல் (37.5க்கு மேல்), எழுப்பினாலும் எழாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பாத்திரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

## பாலாடையை நிறுத்துவது

ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பில் வையுங்கள், களைத்த பிறகு மீதியைப் பாலாடையில் கொடுங்கள். மார்பில் 10 நிமிடமாவது விழுங்கும் சத்தம் கேட்கக் குடித்தால் அந்த வேளைப் பாலாடையைப் பாதியாக்குங்கள். குழந்தை சுறுசுறுப்பாக இருக்கும் வேளைகளில் தொடங்கி, தூக்கக் கலக்கமான இரவு வேளைகளைக் கடைசியாக விடுங்கள். நாளுக்கு 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். பாலாடை முழுதாக நின்ற இரண்டு மூன்று நாளில் துணியில்லாமல், அதே தராசில் எடை பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் வரும் நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் வசதி. எடை ஏறவில்லை என்றால் இரவு இரண்டு வேளையில் பாலாடையைத் திரும்பத் தொடங்கி, நான்கு நாள் கழித்து மறுபடி முயலுங்கள்.